பக்கத்து ஆள் கட்டுரையில் "நைஸ்" என்று எழுதிக் கொடுப்பது திருத்தம் ஆகுமா?

ஜூன் 24, இரவு 9.10 | தாழையூத்து

முதலாண்டு பி.ஏ. ஆங்கிலம், 42 பேர். ரெட்டரிக் (கேட்பவரை இணங்க வைக்கும் பேச்சுக்கலை), ஆர்குமென்ட், சென்டன்ஸ் ஸ்டைல் மூன்றையும் எட்டு பீரியடில் திரும்பப் பார்த்தாக வேண்டும். ஆளுக்கு 300 சொல்லில் ஒரு கட்டுரை, அதைப் பக்கத்து ஆள் திருத்த வேண்டும். அனாஃபரா, கயாஸ்மஸ், ஸூக்மா என்று ஆங்கில அணிகளின் பெயர்களைப் பிள்ளைகள் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். கட்டுரையைக் கையில் கொடுத்தால் "குட், நைஸ், ஸ்பெல்லிங் மிஸ்டேக் 3". அவ்வளவுதான். அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் போதாது, ஐம்பது அணியாவது மனப்பாடமானால்தான் திருத்த வரும் என்று நினைக்கிறேன். சரியா?

ஜூன் 24, இரவு 10.02 | பாளை

தப்பு மேடம். பட்டியல் நீள நீளத் திருத்தம் சுருங்கும். பெயரை வைத்ததும் வேலை முடிந்ததாகப் பிள்ளை பேனாவை மூடிவிடும்.

1947 ஆகஸ்ட் 14 ராத்திரி அரசியல் நிர்ணய சபையில் நேரு பேசியதில் ஒரே ஒரு வாக்கியம் எடுங்கள். "அட் த ஸ்ட்ரோக் ஆஃப் த மிட்நைட் அவர், வென் த வேர்ல்ட் ஸ்லீப்ஸ், இந்தியா வில் அவேக் டு லைஃப் அண்ட் ஃப்ரீடம்." மொத்தம் 18 சொல். "இந்தியா" 12-வது சொல், "அவேக்" 14-வது. அதுவரை கேட்பவனை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். இதைப் பீரியாடிக் சென்டன்ஸ் (முக்கியமானதைக் கடைசிக்குத் தள்ளும் வாக்கியம்) என்று எழுதினால் அரை மார்க். மீதி மார்க்குக்கு வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: இந்தியா விழிக்கும் என்று தொடங்கி, நள்ளிரவு மணியடிக்கும்போது என்று முடிக்க வேண்டும். அப்போது வாக்கியம் கடிகாரத்தில் போய் முடியும். நேருவுடையது "ஃப்ரீடம்" என்று முடிகிறது. ஆங்கில வாக்கியத்தில் கனமான இடம் கடைசி இடம், அங்கே எந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் திருத்தம்.

எட்டு பீரியடுக்குப் பெயர் ஆறு போதும். ஒவ்வொன்றுக்கும் கேள்வி ஒன்றே: இதை மாற்றிப் போட்டால் எது போகும்?

ஜூன் 24, இரவு 11.30 | அம்பை

எல்லாம் சரி அண்ணாச்சி. உலகம் எங்கே தூங்கிற்று? நம் நள்ளிரவு லண்டனுக்குச் சாயங்காலம், நியூயார்க்குக்குப் பட்டப்பகல். ஸ்டைல் பீரியடில் நூறு மார்க் வாங்கும் வாக்கியம் ஆர்குமென்ட் பீரியடில் ஃபெயில்.

ஜூன் 25, காலை 6.45 | பாளை

அதனால்தான் இரண்டு பீரியடுக்கும் அதே வாக்கியத்தைக் கொண்டுபோகலாம். லோகோஸ், அதாவது தர்க்கம், பார்த்தால் ஓட்டை. பேதாஸ், அதாவது உணர்ச்சி, பார்த்தால், தூக்கத்துக்கு எதிரே விழிப்பு என்ற முரண் அங்கே இல்லாவிட்டால் வாக்கியமே இல்லை. பிள்ளை இரண்டையும் எழுதினால் முழு மார்க். இந்த இரண்டோடு ஈதாஸ், அதாவது பேசுபவர் மேல் வரும் நம்பிக்கை, சேர்த்து அரிஸ்டாட்டில் சொன்ன மூன்றையும் மூன்று தனிப்பெட்டி மாதிரி நிரப்பச் சொல்வதுதான் வகுப்பில் நடக்கும் பெரிய கோளாறு. "ஈதாஸ்: நேரு பிரதமர்" என்று எழுதி வைப்பார்கள். பதவியால் வரும் மதிப்பு பேச்சுக்கு வெளியே இருப்பது. பேச்சுக்குள் அந்த நம்பிக்கையை எது சம்பாதிக்கிறது என்பது கேள்வி.

அதற்கும் அதே பேச்சில் இடம் இருக்கிறது. விதியோடு செய்த ஒப்பந்தத்தை நிறைவேற்றும் நேரம் வந்தது என்றவர், உடனே "நாட் ஹோல்லி ஆர் இன் ஃபுல் மெஷர், பட் வெரி சப்ஸ்டான்ஷியலி" என்று இழுத்துப் பிடிக்கிறார். முழுசாக இல்லை, பெருமளவுக்கு. நாடே கொண்டாடும் நேரத்தில் "முழுசாக இல்லை" என்று சொல்லும் ஆளை நம்பலாம் என்று தோன்றுகிறதா? ஈதாஸ் அங்கே இருக்கிறது.

ஜூன் 25, மதியம் 1.20 | பாளை

இன்னொன்று. பிள்ளைகள் பன்னிரண்டு வருசம் தமிழ்ப் பாடத்தில் அணி படித்துவிட்டு வருகிறார்கள். அதைத் தொடாமல் கிரேக்கப் பெயரோடு ஆரம்பிப்பது வீட்டில் கிணறு இருக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போகிற கதை. கணக்கு இப்படிப் போகும்:

ஸூக்மா என்றால் தீவகம். ஒரு சொல் பல இடத்துக்கு விளக்குக் காட்டும்.
அனடிப்ளோஸிஸ் என்றால் அந்தாதி. முடிந்த சொல்லில் அடுத்தது தொடங்கும்.
அனாஃபரா என்றால் பின்வருநிலை. "எல்லா விளக்கும் விளக்கல்ல" குறள்.
ஐரனி என்றால் வஞ்சப்புகழ்ச்சி.

ஜூன் 25, இரவு 8.15 | தென்காசி

மூன்றாவது தப்பு, முதலாவது பாதி தப்பு.

பின்வருநிலைக்கு இடக்கணக்கு கிடையாது, சொல் திரும்ப வந்தால் சரி. 299-வது குறளில் "விளக்கு" நான்கு முறை வருகிறது, வரித் தொடக்கத்தில் ஒருமுறைகூட இல்லை. அனாஃபராவுக்கு இடம்தான் உயிர், தொடக்கத்தில் நிற்க வேண்டும். "திங்களைப் போற்றுதும்", "ஞாயிறு போற்றுதும்" என்று சிலம்பு தொடங்கும்போது திரும்புவது "போற்றுதும்", அதுவும் பின்பக்கம். ஆங்கிலத்தில் அதற்கு எபிஸ்ட்ரஃபி என்று வேறு பெயர். லிங்கன் 1863 நவம்பர் 19-இல் "ஆஃப் த பீப்பிள், பை த பீப்பிள், ஃபார் த பீப்பிள்" என்றது அந்த வகை.

தீவகத்தில் அந்த ஒரு சொல் போகும் இடமெல்லாம் ஒரே பொருளில் நிற்கும். ஆங்கிலத்தில் ஸூக்மா என்று பிள்ளைகள் ரசிப்பது பெரும்பாலும் பொருள் வழுக்குகிற வகை. "பஸ்ஸையும் விட்டான், மானத்தையும் விட்டான்" மாதிரி. "விட்டான்" இரண்டு இடத்திலும் ஒன்றில்லை. சிரிப்பு அங்கிருந்துதான் வருகிறது.

ஜூன் 25, இரவு 8.40 | பாளை

ஒத்துக்கொள்கிறேன். அனாஃபரா வரியை அடித்துவிடுங்கள் மேடம். அதற்குப் பதில் நிரல்நிறையைச் சேருங்கள், அதுதான் கட்டுரையில் உண்மையாகவே பயன்படும். "அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது": அன்புக்குப் பண்பு, அறனுக்குப் பயன். குறளில் இரண்டிரண்டுதான். பிள்ளைகள் "ரெஸ்பெக்டிவ்லி" போட்டு நாலுக்கு நாலு வரிசை கட்டுவார்கள். நாலாவதுக்கு வரும்போது வாசிப்பவன் முதல் வரிசைக்குத் திரும்பி விரல் வைத்து எண்ணுவான். இரண்டு வரை சரி, மூன்று கஷ்டம், நாலு என்றால் வாக்கியத்தை உடை.

அனாஃபராவுக்குச் சர்ச்சில், 1940 ஜூன் 4. "வி ஷால் ஃபைட்" என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் "வி ஷால் நெவர் சரண்டர்". அடுக்கில் "ஃபைட்" காணாமல் போகும் இடத்தில்தான் அடி விழுகிறது. பிள்ளை எழுதிய அடுக்கில் திருத்துபவர் தேட வேண்டியதும் இதுதான்: அடுக்கு எங்கே உடைகிறது? எங்கேயும் உடையவில்லை என்றால் அது தாலாட்டு.

ஜூன் 27, இரவு 9.30 | தாழையூத்து

ஆர்குமென்ட்டுக்கு வாருங்கள். ஒரு வாதத்தை ஆறு பகுதியாகப் பிரிக்கும் டூல்மின் மாடலின் ஆறு பெயரும் தெரிகிறது. வாரன்ட் (ஆதாரத்தை முடிபோடு இணைக்கும் பொது விதி) மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஆதாரத்தையே இரண்டாவது தடவை எழுதி வாரன்ட் என்கிறார்கள்.

ஜூன் 27, இரவு 10.50 | பாளை

எல்லா வகுப்பிலும் அதுதான் சிக்கும். காரணம், வாரன்ட்டை எழுதுபவர் யாரும் தாளில் எழுதுவதில்லை, மனசில் வைத்துக்கொண்டு தாண்டிவிடுவார். ஸ்டீபன் டூல்மின் 1958-இல் இதைச் சொன்னதே, பேச்சில் ஒளிந்து கிடக்கும் அந்த இணைப்பை வெளியே இழுக்கத்தான்.

ஊர்ச் சரக்கில் போடுங்கள். முடிபு: திருநெல்வேலி அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம். ஆதாரம்: அதே சம்பா கோதுமை, அதே சர்க்கரை, அதே நெய், அதே மாஸ்டர், சென்னையில் கிண்டினால் அந்த ருசி இல்லை. இப்போது "அதனாலே என்ன?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் வாரன்ட்: மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து ஒன்று மட்டும் மாறினால், மாறிய அதுதான் காரணம். பாருங்கள், அதில் அல்வாவும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதுதான் சோதனை. வாரன்ட் என்று எழுதிய வாக்கியத்தில் ஆதாரத்தின் பெயர்ச்சொற்கள் அப்படியே வந்தால், அது ஆதாரத்தின் நகல்.

இனி அடி எங்கே விழும்? வாரன்ட்டில் இல்லை, "மற்றதெல்லாம் ஒன்று" என்பதில். கோதுமைப் பால் எடுத்து வைக்கும்போது இருந்த வெக்கை ஒன்றா? இங்கே சுடச்சுட இலையில் வாங்கித் தின்பதும், பார்சலில் ராத்திரி முழுக்க ரயிலில் போய்த் தின்பதும் ஒன்றா? இது ரிபட்டல், அதாவது மறுப்பு. அது வந்ததும் முடிபில் "தான்" கழன்று "ஒரு காரணமாக இருக்கலாம்" என்று குவாலிஃபையர், அதாவது உறுதியைக் குறைக்கும் சொல், ஏறும். ஆறு பெட்டியையும் வரிசையாக நிரப்பச் சொல்லாதீர்கள். ரிபட்டல் எழுதின பிறகு முடிபை மறுபடி எழுதச் சொல்லுங்கள். முதல் முடிபும் கடைசி முடிபும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் அந்தப் பிள்ளை ரிபட்டலை நம்பவில்லை.

ஜூன் 28, காலை 7.15 | தென்காசி

டூல்மினுக்கு முன்பே நம்மிடம் இருக்கிறது. மணிமேகலை 29-வது காதை: இம்மலை நெருப்புடைத்து, இது பக்கம், நிறுவ வேண்டிய முடிபு. புகை உடைமையால், இது ஏது, காரணம். அடுக்களை போல, இது திட்டாந்தம், உதாரணம். இவை தப்பாகிப் போகும் போலிகளையும் அங்கேயே எண்ணி வைத்திருக்கிறது: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10.

அல்வாவை இதில் போடுங்கள். தாமிரபரணித் தண்ணீர் என்பது ஏது என்றால், அந்தத் தண்ணீர் இருந்தும் ருசி இல்லாத இடம் ஒன்று கிடைத்தால் போதும், ஏது அநைகாந்திகம், ஒரு பக்கமாக நில்லாதது. அதே தண்ணீரில் செய்த மட்டமான அல்வா இதே ஊரில் கிடைக்காதா என்ன?

ஜூன் 28, காலை 7.40 | அம்பை

எந்தக் கடை, சொல்லுமே வே.

ஜூன் 28, காலை 8.05 | தென்காசி

சொன்னால் இந்த இழை வேறு திசையில் ஓடும்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். தாமிரபரணி இல்லாத ஊரில் நல்ல அல்வா கிடைத்தால் அது ஏதுவை உடைக்காது. புகையில்லாத நெருப்பு உண்டு, பழுக்கக் காய்ந்த இரும்பு. ஆனால் "தண்ணீர்தான்" என்ற "தான்" உடையும். இந்த வித்தியாசத்தை ஒரு பீரியட் முழுக்கப் பேசலாம்.

ஜூலை 1, இரவு 9.00 | பாளை

இப்போது முதல் கேள்விக்கு. "நைஸ்" என்று எழுதுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை. கோளாறைச் சொல்லக் கையில் சொல் இல்லை. அந்தச் சொல் நன்னூலில் தயாராக இருக்கிறது. பவணந்தி பத்துக் குற்றம் சொல்கிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. 13-ஆம் நூற்றாண்டுச் செக்லிஸ்ட். ஓரத்தில் "மற்.விரி" என்று நாலெழுத்துக் குறி போட்டால் எழுதியவருக்கு விளங்கிவிடும். ஆங்கிலத்தில் "இர்ரெலவன்ட்" என்றால் பிள்ளை முகம் வாடும். "மற்றொன்று விரித்தல்" என்றால் சிரித்துக்கொண்டே அடிக்கும்.

நடத்தும் விதம்: 42 பேர் என்றால் மூன்று மூன்றாக 14 குழு. 50 நிமிசத்தில் முதல் 5 நாற்காலி இழுக்கப் போகும். மிச்சம் 45-ஐக் கட்டுரைக்கு 15 என்று பிரியுங்கள். முதல் 3 நிமிசம் வேறொருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், எழுதியவர் வாயைத் திறக்கக்கூடாது. எழுதியவரே வாசித்தால் தாளில் இல்லாத நிறுத்தத்தைக் குரலில் போட்டு ஒப்பேற்றிவிடுவார். அடுத்தவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே புள்ளி. பிறகு 4 நிமிசம் மௌனமாகக் குறி போடுதல், ஆளுக்கு மூன்று குறி, அதற்கு மேல் வேண்டாம். 5 நிமிசம் பேச்சு. கடைசி 3 நிமிசம் எழுதியவர் எதை மாற்றப் போகிறார் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். அந்த வாக்கியம் இல்லாவிட்டால் நடந்தது அரட்டை.

இந்தச் சுற்றில் ஸ்பெல்லிங் தொடக்கூடாது. வெட்டப் போகிற வாக்கியத்துக்கு ஸ்பெல்லிங் பார்ப்பது, இடிக்கப் போகிற சுவருக்கு வெள்ளையடிப்பது. கூட்டாளிகள் மூன்று பேரும் ஒரே குழுவில் உட்கார்ந்தாலும் காரியம் கெட்டது, வரிசை எண்ணில் பிரியுங்கள்.

ஜூலை 1, இரவு 9.20 | தென்காசி

நன்னூலுக்கு விருத்தியுரை எழுதிய சங்கரநமச்சிவாயர் திருநெல்வேலிக்காரர், ஊற்றுமலை மருதப்பத் தேவர் ஆதரவில் எழுதியது. அதைத் திருத்தியவர் விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்த சிவஞான முனிவர். ஆக, உரையும் இந்த ஊர், ரிவ்யூவும் இந்த ஊர்.

ஜூலை 2, மாலை 6.30 | பாளை

சென்டன்ஸ் ஸ்டைலுக்கு ஒரே வாக்கியத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். இந்த மாதிரி எல்லாக் கட்டுரைக் கட்டிலும் வரும்:

"டியூ டு த ரீசன் ஆஃப் த நான்-அவைலபிலிட்டி ஆஃப் பஸ்ஸஸ் இன் த ஈவ்னிங் டைம், த ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஃபேஸிங் எ லாட் ஆஃப் டிஃபிகல்டீஸ் இன் ரீச்சிங் தேர் ஹோம்ஸ்."

25 சொல். உரைநடையைத் திருத்துவது பற்றி எழுதிய ரிச்சர்ட் லான்ஹாம் சொன்ன முறையில் "ஆஃப், இன்" எல்லாவற்றையும் வட்டம் போடுங்கள், ஐந்து வருகிறது. "ஆர்" வட்டம். இப்போது யார் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பஸ் வரவில்லை, பிள்ளைகள் நடக்கிறார்கள். இந்த இரண்டு வினையும் மேலே இருக்கிற வாக்கியத்தில் வினையாக இல்லை. ஒன்று "நான்-அவைலபிலிட்டி" என்ற பெயர்ச்சொல்லுக்குள் புதைந்து கிடக்கிறது, மற்றது "டிஃபிகல்டீஸ்" என்ற மூட்டைக்குள். வெளியே எடுத்தால்:

"ஆஃப்டர் செவன் நோ பஸ் கோஸ் டு அவர் வில்லேஜ், ஸோ வி வாக் ஹோம்."

12 சொல். 25-இல் 13 கழிந்தது, 52 சதவீதம். லான்ஹாம் இதைக் கொழுப்பு விகிதம் என்ற கருத்தில் "லார்ட் ஃபேக்டர்" என்பார்.

ஜூலை 2, இரவு 9.45 | பாளை

மேலே செய்ததில் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது, யாரும் பிடிக்கவில்லை. "ஏழு மணி" எங்கிருந்து வந்தது? "நடக்கிறோம்" எங்கிருந்து வந்தது? எழுதியவர் சொல்லவே இல்லை, நான் போட்டது. திருத்துபவர் இதைச் செய்யக்கூடாது. ஓரத்தில் "எத்தனை மணிக்கு மேல்? எப்படிப் போவீர்கள்?" என்று கேட்கலாம். பதில் எழுதியவருடையது. 12 சொல் வாக்கியம் நன்றாக இருப்பதற்குப் பாதிக் காரணம் சுருக்கம், மீதிக் காரணம் அந்த இரண்டு கேள்விக்குக் கிடைத்த பதில். குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும் ஒரே வாக்கியத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஜூலை 3, காலை 7.00 | அம்பை

"ஹாவிங் ரீச்ட் த பஸ் ஸ்டாண்ட், த ரெயின் ஸ்டார்ட்டட்." இதை எப்படி விளக்குவது? டாங்லிங் மாடிஃபையர் (செய்த ஆளோடு ஒட்டாமல் தொங்கும் தொடர்) என்றால் முழிக்கிறார்கள்.

ஜூலை 3, இரவு 8.30 | பாளை

தமிழில் யோசிக்கச் சொல்லுங்கள். "பஸ் ஸ்டாண்டை அடைந்து மழை பிடித்தது" என்று யாரும் சொல்வதில்லை, மழையா பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது? "அடைந்ததும்" என்போம். மனசில் "அடைந்து, பார்த்து, வாங்கி" என்று ஓடினால் ஆங்கிலத்தில் "ஹாவிங்" வரலாம், ஆள் ஒருவர்தான். "அடைந்ததும், பார்த்தபோது, வாங்கியதால்" என்று ஓடினால் "வென் வி ரீச்ட்", "பிகாஸ் ஷி பாட்" என்று ஆளைப் போட்டே ஆக வேண்டும்.

ஜூலை 3, இரவு 9.10 | தென்காசி

"மழை பெய்து குளம் நிறைந்தது". பெய்தது மழை, நிறைந்தது குளம். "பெய்து" தானே?

ஜூலை 3, இரவு 9.50 | பாளை

மாட்டிக்கொண்டேன். காரணமும் விளைவுமாக ஒட்டிக் கிடக்கும் இடத்தில் தமிழ் இதை விடும். ஆங்கிலம் அங்கேயும் விடாது. ஆக விதியின் ஒரு பாதிதான் நிற்கும்: "அடைந்ததும்" வந்தால் கண்டிப்பாக ஆள் வேண்டும். "அடைந்து" வந்தால் ஒரே ஆளா என்று இன்னொரு தடவை பார்க்கவும்.

இதோடு சேர்ந்த விஷயம்: தமிழ் வாக்கியம் பிறவியிலேயே வினையைக் கடைசியில் வைப்பது. அதனால் நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலத்தில் எல்லாமே பீரியாடிக்காகச் சாய்கிறது. நேரு ஒரு தடவை செய்ததை இவர்கள் பத்திக்கு ஆறு தடவை செய்வார்கள். முதல் எட்டுச் சொல்லுக்குள் எழுவாயும் வினையும் வந்துவிட வேண்டும் என்று ஒரு கணக்கு வையுங்கள். மீறுவது பத்திக்கு ஒன்று, அதுவும் காரணத்தோடு.

ஜூலை 6, மதியம் 2.15 | அம்பை

பட்டிமன்றம் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எதிர்க்கட்சியைக் கேலி பண்ணுவதையே ரிபட்டல் என்று நினைக்கிறார்கள்.

ஜூலை 6, இரவு 10.00 | பாளை

அதற்கும் நன்னூலே. எழுவகை மதத்தில், அதாவது நூலாசிரியர் எடுக்கும் ஏழு நிலைப்பாட்டில், மூன்றாவது "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு". அடுத்தவர் கொள்கையை முதலில் தலைமேல் ஏற்றுக்கொள், பிறகு களை. கேலியில் முதல் பாதியே கிடையாது. வகுப்பில் செய்முறை: எதிர்த்தரப்பை இரண்டு வாக்கியத்தில் எழுதி, அந்தத் தரப்பை நம்பும் ஒருவரிடம் காட்ட வேண்டும். "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று அவர் சொன்ன பிறகே "பட்" எழுதலாம். கேலியாக எழுதியது இந்த வாசலில் நின்றுவிடும்.

ஜூலை 6, இரவு 10.20 | தென்காசி

சிவஞான முனிவர் ஒரு மறுப்பு நூலுக்கு "இலக்கண விளக்கச் சூறாவளி" என்று பெயர் வைத்தார். முதலாண்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

ஜூலை 9, இரவு 9.05 | தாழையூத்து

மூன்று குறிக் கணக்கு வேலை செய்கிறது. 42 தாளில் அதிகம் விழுந்த குறி "சென்று தேய்ந்து இறுதல்", போகப் போக வலு குறைவது. எல்லாம் கடைசிப் பத்தியில், "லெட் அஸ் ஆல் ஜாயின் ஹேண்ட்ஸ்" வகை. அதை வெட்டச் சொன்னால் 300 சொல் வரவில்லை என்கிறார்கள்.

ஜூலை 9, இரவு 9.40 | பாளை

லிங்கன் 270 சொல் சுமாரில் முடித்துக்கொண்டு இறங்கினார். ஆனால் தேர்வில் அது செல்லாது. வெட்டின 30 சொல்லைக் கடைசியில் ஒட்ட வேண்டாம், ரிபட்டல் பத்தியில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தப் பத்தி எல்லாத் தாளிலும் இரண்டு வரியில் நிற்கும், பாருங்கள்.